எட்டு கிலோமீட்டர்: வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரே சைக்கிள்

வீடு திருவான்மியூரில். வேலை மயிலாப்பூர் லஸ் அருகே ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். இடையில் எட்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்தை சைக்கிளில்தான் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும். அலுவலகத்தில் இருக்கும் இளம்பெண்கள் "அக்கா, நானும் ஓட்டலாமா?" என்று ஆரம்பித்து, அடுத்த கேள்வியாக எந்த சைக்கிள் வாங்கலாம் என்று கேட்பார்கள். சைக்கிளை அப்புறம் பார்க்கலாம், முதலில் வழியைப் பாருங்கள் என்பேன். வழி நன்றாக அமைந்தால் அண்ணனின் பழைய வண்டியும் சுகமாகப் போகும். வழி சரியில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் இரண்டே வாரத்தில் மாடிப்படிக்குக் கீழே போய்விடும்.

வழி

கைப்பேசி வரைபடத்தைக் கேட்டால் லாட்டிஸ் பாலம் சாலையைக் காட்டும். தூரம் குறைவுதான். ஆனால் பேருந்து, ஆட்டோ, கடை வாசலில் நிற்கும் கார்கள் எல்லாம் போக சைக்கிளுக்கு அங்கே மிஞ்சுவது சாக்கடை மூடியை ஒட்டிய ஒரு முழம். நான் கலாக்ஷேத்ரா பக்கமாகப் பெசன்ட் நகருக்குள் நுழைந்து, தியசாபிகல் சொசைட்டி மதிலை ஒட்டிச் செல்லும் பெசன்ட் அவென்யூ சாலையைப் பிடித்துவிடுவேன். சித்திரை வெயிலிலும் அங்கே நிழல் உண்டு. பிறகு திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, ராஜா அண்ணாமலைபுரத்தின் உள்தெருக்கள், மந்தைவெளி, மாட வீதி, லஸ். கொஞ்சம் சுற்றுதான். சில நிமிடங்கள் கூடும். அந்த நிமிடங்களைக் கொடுத்துவிட்டுப் பதற்றமில்லாமல் போய்ச் சேருகிறேன்.

உங்கள் வழியை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஒரு ஞாயிறு காலை, அவசரமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். பிறகு விடுப்பு நாள் ஒன்றில், வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாதுவாக இருந்த தெரு, திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வேன்களால் அடைத்துக்கொண்டு நிற்கலாம். முக்கியமாக வலப்பக்கத் திருப்பங்களை எண்ணுங்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடது திருப்பம் எளிது, வலது திருப்பம்தான் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டிப் போக வைக்கும். பெரிய சந்திப்பில் வலது திருப்பம் குறைவாக உள்ள வழி எதுவோ அதுவே நல்ல வழி. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காலையில் எளிதாக இருந்த இடது திருப்பம் மாலையில் வலது திருப்பமாகிவிடும்.

மாற்று வழி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். மெட்ரோ ரயில் பணிகள் தொடங்கியதிலிருந்து அடையாறு, மந்தைவெளி, லஸ் பக்கமெல்லாம் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நேற்று இருவழியாக இருந்த தெரு இன்று ஒருவழியாக இருக்கும். பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் ஈரமானால் வழுக்கும். அவற்றின் மேல் நேராகப் போங்கள், அங்கே வளைக்கவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. மூடியில்லாத பாதாளச் சாக்கடையைப் பார்த்தால் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். அடுத்து இருட்டில் அந்த வழியாக வருகிறவருக்கு உங்களால் செய்ய முடிந்த உதவி அது.

சாலையில் எங்கே ஓட்டுவது

ஓரத்தை ஒட்டி ஓட்டினால் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஓரத்தில்தான் மணல், கண்ணாடித் துண்டு, சாக்கடைக் கம்பி எல்லாம் கிடக்கின்றன. ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று தெரிய வேண்டும். நின்றிருக்கும் கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் புகுந்து புகுந்து வெளியே வருவது ஆபத்து.

நின்றிருக்கும் காரின் கதவைத்தான் நான் பேருந்தைவிட அதிகம் கவனிக்கிறேன். பேருந்து வருவது காதில் விழும். கதவு எந்தச் சத்தமும் இல்லாமல் திறக்கும். ஒரு கதவின் அகலத்துக்கும் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டு ஓட்டுங்கள். பின்கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கையில் தலை தெரிகிறதா என்று பாருங்கள். அப்போதுதான் நின்ற கார் என்றால் மெதுவாகப் போங்கள்.

ஆட்டோ எப்போது இடப்பக்கம் ஒதுங்கும் என்பதை ஆட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, நடைபாதையைப் பாருங்கள். அங்கே ஒரு கை உயர்ந்தால் உங்களுக்கு முன்னால் போகும் ஆட்டோ சட்டென்று ஒதுங்கி நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒருபோதும் நுழையாதீர்கள். பயணிகள் இறங்குவார்கள், பேருந்து திடீரென்று ஓரம் கட்டும், ஓட்டுநருக்கு இடது முன்மூலையில் இருப்பவர் தெரியவே மாட்டார். பின்னால் நின்று, அது புறப்பட்ட பிறகு போங்கள். அரை நிமிடம்தான். இடப்பக்கம் திரும்பும் லாரிக்கும் இதே விதி.

பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் நடுச்சாலைக்குப் போய் நிற்க வேண்டாம். பச்சை விழுந்ததும் நேராக எதிர் மூலை வரை போய், அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, அந்தச் சாலைக்குப் பச்சை விழும்போது மறுபடி நேராகப் போங்கள். இரண்டு சிக்னல் ஆகும், ஆனால் யாருக்கும் குறுக்கே போக வேண்டியதில்லை. கூட்டம் அதிகம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு பாதசாரிகளோடு கடந்துவிடலாம்.

மணி அடித்தால் தெருவில் நடப்பவருக்குக் கேட்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேட்காது. அங்கே கையை நீட்டுங்கள். ஓட்டுநரின் முகத்தைப் பாருங்கள். அவர் உங்களைப் பார்த்தார் என்று தெரிந்த பிறகே நகருங்கள். ஹேண்டில்பாரின் வலது முனையில் ஒரு சிறிய கண்ணாடி மாட்டிக்கொண்டால் கழுத்தைத் திருப்பும் வேலை பாதி குறையும். தலைக்கவசம் நான் எப்போதும் அணிகிறேன். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் விழும்போது அது தலையில் இருக்காது.

பயம்

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுவந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். என் அம்மா அவர்களில் ஒருவர். முப்பது வயதைத் தாண்டியவர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொட்டலில் பழகினார். அதன் பிறகு தண்ணீர்க் குடமும் என் தங்கையும் கேரியரில் ஏறினார்கள். டவுனுக்குப் போக அப்பாவின் நேரத்துக்குக் காத்திருப்பது நின்றது. ஆகவே "இந்த வயதிலா?" என்று என்னிடம் யாராவது கேட்டால், ஆமாம், இந்த வயதில்தான் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

உங்களில் பலர் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில் போய் வந்தவர்கள். உடம்புக்கு அது மறக்கவில்லை. ஒரு விளையாட்டு மைதானத்திலோ காலியான தெருவிலோ சில காலைகள் ஓட்டினால் திரும்ப வந்துவிடும். மூன்று பழக்கங்களை மட்டும் அங்கேயே செய்து பாருங்கள்: ஒரு கையை விட்டு ஓட்டுவது, நேர்கோடு மாறாமல் தோளுக்கு மேல் பின்னால் பார்ப்பது, இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்து நிற்பது. இவை வந்தபின் சாலைக்கு வரலாம்.

வேகம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். என்னுடையது கியர் இல்லாத 26 அங்குல வண்டி. செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 50 சுற்று என்பது மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய கதி. அதுவே மணிக்கு 15 கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டருக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், சிக்னல்களோடு நாற்பது நிமிடம். காலை நெரிசலில் என் தெருவிலிருந்து காரில் போகிறவர்களும் ஏறத்தாழ இதே நேரத்தில்தான் லஸ் வருகிறார்கள்.

வண்டி உடம்போடு பொருந்த வேண்டும்

முழங்கால் வலிக்கிறது என்று விட்டுவிட்டவர்களின் வண்டியைப் பார்த்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். தரையில் இரண்டு பாதமும் படிய வேண்டும் என்று கடையில் இறக்கிக் கொடுத்திருப்பார்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியை வைத்து ஓட்டும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். நிற்கும்போது சீட்டிலிருந்து இறங்கி நிற்கப் பழகுங்கள். சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

வாங்குவதாக இருந்தால் என் கருத்து இது. மட்கார்டு, செயின் மூடி, கேரியர், ஸ்டாண்டு நான்கும் இருக்கும் வண்டியை வாங்குங்கள். கடைகளில் முன்னால் நிறுத்தியிருக்கும் பருத்த டயர், ஸ்பிரிங் போர்க் வண்டிகளில் இந்த நான்கும் இருக்காது, கனமும் அதிகம். வெள்ளி போலப் பளபளக்கும் எஃகு ரிம்மைவிட அலுமினிய ரிம் மேல், காரணம் மழை. நனைந்த எஃகு ரிம்மில் பிரேக் கட்டை பிடிப்பதேயில்லை என்று சொல்லலாம். கியர் சென்னைக்குக் கட்டாயமில்லை. இங்கே மேடு என்பது பாலங்கள் மட்டும்தான்.

உடை, வியர்வை

செயின் மூடி இருந்தால் சுடிதாரும் பேண்ட்டும் தப்பிக்கும். மூடி இல்லையென்றால் வலது காலில் ஒரு ரப்பர் பேண்ட். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். இல்லை, பைக்குள் வைத்துவிட்டு அலுவலகத்தில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தொங்கவிட்ட துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றினால் இழுப்பது கழுத்தை. புடவை கட்டுகிறவர்கள் பின்சக்கரத்தின் மேல்பாதியை மறைக்கும் வலை ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். பையை முதுகில் மாட்ட வேண்டாம், கேரியரில் கட்டுங்கள். முதுகு நனைவதில் பெரும்பங்கு முதுகுப்பையால்தான்.

சென்னையில் வியர்க்காமல் ஓட்ட முடியாது. வியர்த்து நாறாமல் இருக்க முடியும். காலையில் குளித்துவிட்டுப் புறப்படுங்கள். வியர்வை உடனே நாறுவதில்லை, பழைய வியர்வையோடு சேரும்போதுதான் நாறும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் நேராக ஏசி அறைக்குள் போகாமல், பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆறுங்கள். ஈரத்துண்டால் முகம், கழுத்து, அக்குள் துடைத்துவிட்டு மேல்சட்டையை மாற்றினால் போதும். நான் ஒரு பருத்தித் துண்டும் இரண்டு மேல்சட்டையும் அலுவலக அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திர நாட்களில் அரை மணி முன்னதாகப் புறப்படுகிறேன். வெயில் ஏறுவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் பையில் இருக்கும்.

மாதவிலக்கு நாட்களில் ஓட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ஓட்டலாம். வலி இருந்தால் பேருந்தில் போங்கள், வலி இல்லையென்றால் அடர்நிறக் கீழாடையோடு வழக்கம்போல ஓட்டுங்கள். அகலமான சீட் இருந்தால் அந்த நாட்களில் இன்னும் சௌகரியம்.

மழை, இருட்டு, நாய்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தூறலுக்கு நான் நிற்பதில்லை. போர்வை போல மேலே போட்டுக்கொள்ளும் மழை அங்கியைக் காற்று தூக்கும், கண்ணை மறைக்கும். சட்டையும் பேண்ட்டுமாகத் தனித்தனியே வருவதை வாங்குங்கள். ஈரத்தில் பிரேக்கை முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். ரிம்மில் உள்ள தண்ணீரைக் கட்டை துடைத்த பிறகுதான் அது பிடிக்கும். நிறுத்தக் கோட்டுக்கு வந்தபின் அழுத்தினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

தரை தெரியாத தண்ணீருக்குள் சைக்கிளை விடாதீர்கள். இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது. கணுக்கால் அளவுதானே என்று எல்லாரும் போனாலும் சரி. அடியில் மூடியில்லாத குழி இருக்கலாம், தோண்டிவிட்ட மழைநீர் வடிகால் இருக்கலாம், அறுந்த மின்கம்பி இருக்கலாம். திரும்பி வேறு வழி போங்கள். வேறு வழி இல்லையென்றால் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டில் எது முதலில் என்றால் பின்னால் உள்ளது. பெடலில் உள்ள மஞ்சள் பிரதிபலிப்பான்கள் உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்ததும் சைக்கிள் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும். பின் மட்கார்டில் ஒளிரும் பட்டை ஒட்டுவது சில ரூபாய்ச் செலவு.

இரவு பத்து மணிக்குமேல் உள்தெருவில் நாய்கள் துரத்தும். வேகமாக மிதித்துத் தப்பிக்க முயன்றால் அவையும் வேகமாக வரும், நீங்கள் விழுவீர்கள். வேகத்தைக் குறையுங்கள். விடவில்லையென்றால் இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு, கனத்த குரலில் அதட்டியபடி நடந்து போங்கள். பெரும்பாலும் தெருமுனையோடு நின்றுவிடும். பல் பட்டுவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது.

பூட்டு

வண்டியோடு வரும் பின்சக்கரப் பூட்டு மட்டும் போதாது. வண்டியைத் தூக்கிக்கொண்டே போய்விடலாம். பிரேமுக்குள் ஒரு சங்கிலியை விட்டு, நகராத கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். அலுவலகக் கட்டடத்தின் காவலாளியிடம் பேசி, அவர் கண்ணில் படும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். பெடல் சேரும் இடத்தில், பிரேமின் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து, அந்த எண்ணையும் ரசீதையும் இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது "நீல நிற சைக்கிள்" என்று மட்டும் சொன்னால் யாராலும் தேட முடியாது.

ஞாயிறு: காற்றைக் கேட்டுப் புறப்படுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலை திருவான்மியூரில் எங்கள் வீட்டருகே தொடங்குகிறது என்பது என் பாக்கியம். பத்து கிலோமீட்டருக்குள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் ஓவியர்களே சேர்ந்து அமைத்தது. இருபது கிலோமீட்டர் அளவில் தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் முட்டுக்காடும். பாலத்துக்கு அப்பால் கோவளம். இன்னும் போனால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. மாமல்லபுரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவில். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஈஞ்சம்பாக்கம் வரை போய் வந்தாலே நல்ல ஓட்டம். முட்டுக்காடு வரை போய் வரப் பழகியபின் மாமல்லபுரத்தைப் பற்றி நினையுங்கள். அங்கே போனால் திரும்பியும் வர வேண்டும், மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டர் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் புறப்படுகிறார்கள்.

தூரத்தைவிடக் காற்றுதான் அன்றைய ஓட்டத்தைத் தீர்மானிக்கும். சாலை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று. போகும்போது முதுகில் தள்ளும். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறோம் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் உங்களால் முடியும் என்று நினைக்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போய்த் திரும்புங்கள். பங்குனி முதல் வைகாசி வரை தென்காற்று. போகும்போது கஷ்டம், வரும்போது சுகம். எனக்கு இதுதான் பிடித்த காலம், களைத்துப்போன கால்களுக்குத் திரும்பும் வழியில் துணை கிடைக்கிறது. ஆனி, ஆடியில் காலையில் மேல்காற்று நிலத்திலிருந்து வரும். பக்கவாட்டில் தள்ளும், அனலாகவும் இருக்கும். கடற்காற்று பெரும்பாலும் நண்பகல் வாக்கில்தான் எழும். அதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். முட்டுக்காடு பாலத்தின் மேல் எந்த மாதத்திலும் பக்கக் காற்று உண்டு. அங்கே ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் உறுதியாகப் பிடித்து, ஓரச் சுவரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். கிளம்புவதற்கு முன் மொட்டைமாடிக்குப் போய்த் துணிக்கொடியைப் பாருங்கள். போதும்.

விடியும் நேரத்தில் புறப்படுங்கள், விடிவதற்கு முன் வேண்டாம். ஞாயிறு விடியற்காலையில் அந்தச் சாலையில் கார்கள் பறக்கும். அவற்றில் சில இரவு முழுக்கத் தூங்காதவர்கள் ஓட்டுவது. கூட்டமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக. காதில் பாட்டு வேண்டாம். கிளைச்சாலை திரும்பும் இடங்களிலும் சிற்றுண்டிக் கடைகளின் முன்னும் கார்கள் திடீரென்று இடது வெட்டும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது உள்ளே போக வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வழியில் இளநீர் நிறையக் கிடைக்கிறது.

நகரத்துக்குள் பஞ்சர் ஆனால் கடை வரை தள்ளலாம். அங்கே கடை வெகுதூரம். ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் நெம்புகோல், சிறிய பம்பு, சக்கர நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் கொண்டுபோங்கள். வழியில் ஒட்டுப் போட உட்காராமல் டியூபையே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அந்தப் பக்கங்களில் சீமைக்கருவேல முள்தான் அதிகம். முனை ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். எடுக்காமல் விட்டால் புது டியூபையும் பத்தே நிமிடத்தில் குத்திவிடும். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்: உப்பும் மணலும்

கடலோரத்தில் வாழ்கிற சைக்கிளுக்கு வயதாவது ஓட்டத்தால் அல்ல, உப்பால். இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் செயின் செம்பழுப்பாகிவிடும், நட்டுகள் அசையாது. கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றே, ஈரத்துணியால் வண்டி முழுக்கத் துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். குழாயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. தண்ணீர் சக்கரம் சுழலும் பால்ரஸ் குண்டுகளுக்குள் போய்க் கிரீஸைக் கழுவிவிடும்.

செயினுக்கு முதலில் துடைப்பு, பிறகுதான் எண்ணெய். மணலோடு எண்ணெய் சேர்ந்தால் அது பல்லை அரைக்கும் பசையாகிவிடும். பழைய துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு, செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கறுப்பு போனபின் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய். சில சுற்று சுற்றி, வெளியே வழிவதை முழுவதும் துடைத்துவிடுங்கள்; எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்கு உள்ளேதான், வெளியே இருப்பது மணலைப் பிடிக்க மட்டுமே. சைக்கிளுக்கென்று விற்கும் எண்ணெய் நல்லது. தையல் இயந்திர எண்ணெயும் ஆகும், அடிக்கடி விட வேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாக இறுகிவிடும். எண்ணெயோ மண்ணெண்ணெயோ ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் படவே கூடாது.

செயின் தேய்ந்துவிட்டதா என்பதை ஒரு அடிக்கோலால் நீங்களே பார்க்கலாம். கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். புதிய செயினில் 24 கண்ணிகள் தாண்டிய ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் ஃப்ரீவீல் என்ற பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டிவரும். கடைக்காரர் சொல்வதற்கு முன் நமக்கே தெரிந்திருப்பது நல்லது.

பெடல் ஆடினால் இறுக்குவதற்கு முன் ஒரு தகவல்: வலது பெடல் வழக்கம்போல வலஞ்சுழியாக இறுகும், இடது பெடல் இடஞ்சுழியாக இறுகும். சக்கரம் பிரேக் கட்டையில் ஒரு பக்கம் மட்டும் உரசினால் கோட்டம் எடுக்க வேண்டும், அதாவது கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தை நேராக்க வேண்டும். அதை நான் வீட்டில் செய்வதில்லை. எங்கள் தெருமுனையில் கம்பியை விரலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் பகுதியிலும் அப்படி ஒருவர் இருப்பார். புதிய கடைகளுக்கு ஓடுவதற்கு முன் அவரைத் தேடிப் போங்கள், ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்யும் ஓவராயில் வேலையையும் அவரிடமே கொடுங்கள்.

காற்று வாரம் ஒருமுறை. எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும்; பின்சக்கரத்தில் முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. வால்டியூப் என்ற சிறு ரப்பர் குழாய் மாட்டிய பழைய வகை வால்வாக இருந்தால் அளவுமானி சரியாகக் காட்டாது. சீட்டில் உட்கார்ந்து பின் டயரைப் பாருங்கள்: தரையில் படும் இடத்தில் லேசாக மட்டும் பிதுங்க வேண்டும். அடுத்த முறை டியூப் மாற்றும்போது மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வு உள்ள டியூபைக் கேளுங்கள். அநேகமாக அதே துளையில் பொருந்தும், அளவும் பார்க்கலாம். ஞாயிறு இரவு காற்று அடித்து, திங்கள் காலை அழுத்திப் பார்க்கும்போது குறைந்திருந்தால் உடனே டியூபைக் கழற்ற வேண்டாம். வால்வின் வாயில் ஒரு துளி எச்சில் தடவுங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்டியூபில். இரண்டு ரூபாய் ரப்பரை மாற்றிக் காற்று அடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.